வைரஸுக்கு ஒரு பொன்னாடை

கிள்ளான் பள்ளத்தாக்கில் பாராட்டு விழா நடக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம், கிள்ளானில் ஒரு மண்டபம், நடுவே பெட்டாலிங் ஜெயாவில் பல்லைக் கிட்டவைக்கும் குளிரில் ஒரு ஹோட்டல் ஹால். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வருவார். அதுவரை பரதநாட்டியப் பிள்ளைகள் மேக்கப் கலையாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுச் சின்னம், பிரியாணி. தலைவரைச் செயலாளர் பாராட்டுவார், செயலாளரைப் பொருளாளர் பாராட்டுவார், பொருளாளரிடம் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

இத்தனை தோள்களில் போர்த்தியும் ஒருவர் விடுபட்டுப் போனார். திருவாளர் ஹெபடைடிஸ் சி வைரஸ் அவர்கள். பதவி கேட்காதவர். தேர்தலில் சீட் கேட்காதவர். பேனரில் படம் போடச் சொல்லாதவர். ஒருவர் உடம்புக்குள் புகுந்தால் இருபது, முப்பது ஆண்டு ஓசை காட்டாமல் கல்லீரலில் வேலை பார்ப்பார். வலிக்காது, காய்ச்சல் இருக்காது, கண்கூட மஞ்சளாகாது. வேலை முடிகிற கட்டத்தில்தான் வயிறு வீங்கும், ரத்த வாந்தி வரும். ஸ்கேனில் கட்டி இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இப்படி ஒருவர் உள்ளே இருந்ததே வீட்டுக்குத் தெரியும். மலேசிய இந்தியர் காங்கிரஸ் என்ற ம.இ.கா.வில்கூட இத்தனை ஆண்டு கோஷ்டி சேராமல், அறிக்கை விடாமல் உழைத்தவர் ஒருவர் உண்டா?

பேர்கூட இல்லாமல் உழைத்தவர் அவர். 1989 வரை மருத்துவ நூல்கள் அவரை ‘ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத’ ஏதோ ஒன்று என்றுதான் குறித்தன. கண்டுபிடிப்பில் பங்குள்ள ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ல்ஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவருக்கு ஒரு மலர்மாலைகூடக் கிடைக்கவில்லை.

உடன்பிறந்தவர்களையும் சொல்லிவிடுகிறேன், விழா என்றால் குடும்பத்தை மேடைக்கு அழைப்பது நம் மரபு. ஏ-யும் ஈ-யும் தண்ணீரிலும் தீனியிலும் வருகிறவர்கள். அவசரக்காரர்கள். வந்த கையோடு கண்ணையும் சிறுநீரையும் மஞ்சளாக்கிவிட்டுச் சில வாரத்தில் பெரும்பாலும் போய்விடுவார்கள். நம் பாட்டிமார் அறிந்த மஞ்சள் காமாலை பெரும்பாலும் இவர்கள்தாம். டி என்பவர் பி-யின் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறவர். தங்கிவிடுகிறவர்கள் பி-யும் சி-யும். ரத்தத்தில் வருகிறவர்கள். சி-யைவிட பி-க்குத் தாயிடமிருந்து பிள்ளைக்கும், படுக்கையிலும் வழி அதிகம். 2022-இல் மட்டும் இந்த இருவரும் உலகத்தில் 13 லட்சம் பேரைக் கொன்றார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மலேசியாவில் 2009 நிலவரப்படி சுமார் நாலரை லட்சம் பேருக்குள் சி குடியிருந்ததாக 2014-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேர். அவர்களில் பாதிக்கு மேல் போதை ஊசியால் தொற்றியவர்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், நம் சமூகத்தின் பெருந்தன்மையைப் பேசும்போது தேவைப்படும்.

இவ்வளவு பெரிய மனிதருக்குப் புரவலர் இல்லாமல் இருப்பாரா? 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் இருந்தது இன்டர்ஃபெரான் ஊசி. வாரம் தவறாமல், மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷம். முடி கொட்டும், தூக்கம் போகும், தற்கொலை எண்ணம்கூட வரும். இத்தனையும் பட்ட பிறகு பலருக்குக் குணமும் ஆகாது. புது மாத்திரையைத் துணை மாத்திரை ஒன்றோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் விழுங்கினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் வைரஸ் அடியோடு போய்விடுகிறது. உடம்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒரு வைரஸை மாத்திரையால் முழுக்கத் துரத்துவது மருத்துவம் அதற்கு முன் கண்டிராதது. கிலியட் கம்பெனி அதற்கு வைத்த விலை 84,000 டாலர். மாத்திரை ஒன்றுக்கு 1,000 டாலர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழு உட்கார்ந்து கணக்குப் போட்டது. அந்தப் பன்னிரண்டு வார மாத்திரைகளையும் செய்து முடிக்க 68 முதல் 136 டாலர் போதும். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். கம்பெனியின் கண்ணுக்கு அந்த மஞ்சளெல்லாம் பொன்.

ஆராய்ச்சிச் செலவு என்று சொல்வார்கள். ஆராய்ந்து கண்டுபிடித்தது ஃபார்மாசெட் என்ற சிறு கம்பெனி. கிலியட் 2011-இல் அதை 1,100 கோடி டாலருக்கு விலை பேசியது. ஆக, நோயாளி கொடுத்தது மருந்தின் விலை அல்ல. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்கிய விருந்துக்கான பில். சாப்பிட்டவர்கள் எழுந்து போன பிறகு, பில்லை வார்டில் படுத்திருந்தவன் கையில் கொடுத்தார்கள்.

2014 செப்டம்பரில் கம்பெனி தர்மவான் ஆயிற்று. இந்திய மருந்து நிறுவனங்கள் ஏழுக்கு மலிவாகச் செய்துகொள்ள உரிமம் கொடுத்து, எந்தெந்த நாட்டுக்கு விற்கலாம் என்று 91 பெயர் கொண்ட பட்டியலும் கொடுத்தது. மலேசியா அதில் இல்லை. நாம் நடுத்தர வருமானத்தில் மேல்தட்டு நாடு அல்லவா! நமக்கு இரட்டைக் கோபுரம் உண்டு. செந்தூல் பிளாட்டில் கல்லீரல் சுருங்கிப் படுத்திருப்பவன் ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரிகிறது. ஆகவே அவன் பணக்காரன். மலிவு மருந்து வாங்கும் அளவுக்கு ஏழை இல்லை, விலை கொடுத்து வாங்கும் அளவுக்குப் பணமும் இல்லை. இந்த இடுக்குக்கு உலக வணிகத்தில் ‘வளர்ச்சி’ என்று பெயர்.

ஹைதராபாத்தில் செய்த மாத்திரை நம் தலைக்கு மேலே பறந்து வேறு நாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2015-இல் தாஸ்மானியாவிலிருந்து ஓர் ஆஸ்திரேலியர் சென்னைக்கே விமானம் ஏறி வந்து மாத்திரை வாங்கிப்போய்க் குணமானார். அங்கிருந்து சென்னை எவ்வளவு தூரம்! நாமோ நாலு மணி நேரத்தில் போய் இறங்குகிறவர்கள். அந்த வருஷமும் போனோம், தி.நகரில் கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் அங்கதம் கெட்டுப்போகும். ஓர் அரசாங்கம் உருப்படியாக ஒரு காரியம் செய்தது.

மலேசியாவின் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பொதுநலன் கருதி, காப்புரிமை பெற்றவரின் சம்மதம் இல்லாமலே அரசு அந்தப் பொருளைச் செய்யவோ தருவிக்கவோ அது வழிவிடுகிறது. 2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளை இந்தியாவிலிருந்து இறக்க இதே வழியில் போனார்கள். பினாங்கிலிருந்து இயங்கும் மூன்றாம் உலக வலையமைப்பும், நோயோடு வாழ்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் எம்டாக் பிளஸ் அமைப்பும் ஆண்டுக்கணக்கில் அரசாங்கத்தின் கதவைத் தட்டின. 2017 ஆகஸ்டில், விஷயம் கைமீறப் போகிறது என்ற வாடை அடித்ததும், கம்பெனி அவசர அவசரமாகத் தன் பட்டியலில் மலேசியாவையும் தாய்லாந்தையும் சேர்த்தது. அதுவரை பணக்காரர்களாக இருந்த நாம் ஒரே இரவில் ஏழையானோம். ஆனாலும் 2017 செப்டம்பர் 20 அன்று சுகாதார அமைச்சர் டாக்டர் ச. சுப்பிரமணியம், சோஃபோஸ்புவிருக்கு அந்தப் பிரிவைப் பயன்படுத்துவதாக அறிவித்தார். உலகத்தில் அந்த மருந்துக்கு இப்படிச் செய்த முதல் நாடு மலேசியா. அமெரிக்க மருந்துக் கம்பெனிகளின் சங்கம் வாஷிங்டனில் போய் முறையிட்டது. எட்டணா மருந்தை எட்டு லட்சத்துக்கு விற்க விடாமல் தடுப்பது அவர்கள் ஊரில் திருட்டு.

2018 மார்ச்சில் அரசாங்க மருத்துவமனைகளில் சிகிச்சை தொடங்கியது. லட்சக்கணக்கான வெள்ளியில் (ரிங்கிட்டில்) பேசப்பட்ட மருந்து ஆயிரம் வெள்ளிக் கணக்குக்கு இறங்கியது, நோயாளிக்கு இலவசம். அத்தோடு நிற்கவில்லை. டிஎன்டிஐ என்ற லாப நோக்கமற்ற அமைப்பும் எகிப்தின் ஃபார்கோ கம்பெனியும் மலேசிய சுகாதார அமைச்சும் கைகோத்து, ராவிடாஸ்விர் என்ற புது மாத்திரையை மலேசிய, தாய்லாந்து நோயாளிகள் 301 பேரிடம் சோதித்தன. நூற்றுக்கு 97 பேர் குணமானார்கள். 2021 ஜூனில் அதற்கு இங்கே பதிவும் கிடைத்தது.

இந்தக் காரியத்துக்குத் தலைமை தாங்கிய அமைச்சர் ஒரு தமிழர், தோல் நோய் மருத்துவர், அப்போதைய ம.இ.கா. தலைவர். ஆலய மானியக் காசோலையை ஆளுயரத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும் படங்களை நம் பத்திரிகைகளில் ஆயிரம் பார்த்திருக்கிறேன். இந்த அறிவிப்புக்கு ஒரு பேனரையும் பார்த்ததில்லை. 2018 மே மாதப் பொதுத் தேர்தலில் சிகாமாட்டில் அவர் தோற்றார். தோற்றதற்கு வேறு காரணங்கள் இருந்தன, நியாயமான காரணங்களும் இருந்தன. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: கட்சி இத்தனை ஆண்டில் செய்த மிக நல்ல காரியத்தைக் கட்சிக்காரர்களுக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு கேக் வெட்டியிருப்பார்கள்.

சரி, மருந்து வந்துவிட்டது. விலை என்ற சாக்கு செத்துவிட்டது. நாலரை லட்சம் பேரும் வரிசையில் வந்து நின்றார்களா?

2018 டிசம்பரிலிருந்து அடுத்த ஆண்டு அக்டோபர் வரை, பெரிய ஆஸ்பத்திரிகளை விட்டு 25 அரசாங்க கிளினிக்குகளில், தொற்றும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல முயற்சி, நேர்மையாகக் கணக்கும் வெளியிட்டார்கள். 15,000-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்ததில் சுமார் 2,000 பேருக்கு முதல் சோதனை பாசிட்டிவ். அந்த 2,000 பேரில் மருந்து சாப்பிடத் தொடங்கியவர்கள் ஏறக்குறைய 630 பேர். இன்னொரு முறை சொல்கிறேன், மைக் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. இரண்டாயிரம் பேரில் அறுநூற்று முப்பது.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, பெரும்பாலோர் நடுவில் உதிர்ந்தார்கள். முதல் சோதனை எளிது. விரல் நுனியில் ஒரு சொட்டு, இருபது நிமிஷம். ஆனால் அது காட்டுவது வைரஸை அல்ல, உடம்பு அதற்கு எதிராகச் செய்த தற்காப்புப் பொருளை. வைரஸ் தானாகப் போய்விட்டவருக்கும், மருந்தால் குணமானவருக்கும் அது ஆயுள் முழுக்க பாசிட்டிவ் காட்டும். ஆகவே வைரஸ் இப்போது இருக்கிறதா என்று பார்க்க இரண்டாவது சோதனை. அதற்கு ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர நாளாகும். மறுபடி வா. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க மறுபடி வா. மருந்து வாங்க மறுபடி வா. காப்பார் தொழிற்சாலையில் நாள் கூலிக்கு நிற்கிறவனுக்கு ஒவ்வொரு ‘மறுபடி வா’வும் ஒரு நாள் சம்பளம். கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான், அரசாங்கம் அதைப் பெருமையாகச் சொல்லும். அந்த ஒரு வெள்ளியைக் கட்டப் போக அவன் இழக்கும் சம்பளத்தை எந்த ரசீதும் காட்டாது.

ரத்தம் எடுத்த ஒரு மணி நேரத்தில் வைரஸைக் காட்டும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிகள் உலகத்தில் உண்டு. ஆளைப் பசியாற அனுப்பினால் அவன் திரும்பி வருவதற்குள் முடிவு தயார். உலகத்திலேயே முதலாக இந்த மருந்தின் காப்புரிமையை முறித்த நாடு, நோயாளியைக் காலையில் சோதித்து மாலையில் மாத்திரையோடு அனுப்புவது மட்டும் ஏனோ தன் சக்திக்கு அப்பாற்பட்டது என்று நினைக்கிறது. கம்பெனியோடு மல்லுக்கு நின்றவர்கள் நடுவில் வந்த கவுண்ட்டர் நம்பர் சீட்டிடம் தோற்கலாமா?

இனி நம் சமூகத்தின் பெருந்தன்மை. பாதிக்கு மேல் போதை ஊசியால் என்று சொன்னேன் அல்லவா. அதைச் சொன்னதும் உங்களில் சிலர் முகம் மாறியதை இங்கிருந்தே பார்த்தேன். ‘ஓ, அந்த மாதிரி ஆளுங்களா’ என்ற முகம். அந்த முகத்துக்குத்தான் வைரஸ் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. 1990-களில் எதையோ ஏற்றிக்கொண்டு, அதிலிருந்து எழுந்து, கல்யாணம் கட்டி, லாரி ஓட்டி, இரண்டு பிள்ளைகளை யூனிவர்சிட்டிக்கு அனுப்பிவிட்ட ஒருவர் இன்று ஐம்பது வயதில் உங்கள் தாமான் குடியிருப்பில்தான் இருக்கிறார். கோயில் கமிட்டியில்கூட இருப்பார். சோதனைக்குப் போனால் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் இரவு வெளியே வரும் என்று அவருக்குப் பயம். ஆகவே கல்லீரலை விட்டுக் கௌரவத்தைக் காப்பாற்றுகிறார். ஊசியே தொடாதவர்களுக்கும் அதே கதிதான். 1994-க்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்ட பிரசவக்காரி, பழைய ஊசியைக் கொதிக்க வைத்துப் போட்ட தோட்டத்து டிரஸரிடம் ஊசி போட்டுக்கொண்ட பாட்டாளி, டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று முறை உட்காருகிறவர். இவர்களும் வாயைத் திறக்கமாட்டார்கள், ஏனென்றால் பக்கத்து வீடு ‘எப்படி வந்துச்சு?’ என்று கேட்கும். நுரையீரலுக்கு வந்தாலும் இதயத்துக்கு வந்தாலும் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்கிற பக்கத்து வீடுதான் இது.

ஒரு மன்றத் தலைவரிடம் ஒரு சோதனை முகாம் வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

“நல்ல ஐடியாதான் தம்பி. ஆனா டெஸ்ட் பண்ணி, நம்ம ஆளுங்களுக்கு நெறைய வந்துட்டா?”

“மருந்து சாப்பிட்டாக் குணமாயிடும், டத்தோ.”

“அதில்ல தம்பி. பேப்பர்ல வந்துட்டா?”

வியாதி வரலாம், பேப்பரில் வரக்கூடாது. இந்தியர்கள் சிறையிலும் அதிகம், குண்டர் கும்பலிலும் அதிகம் என்று பேப்பரில் வந்தபோதெல்லாம் இவர் அடுத்த நாளே மறுப்பறிக்கை விட்டவர். எண்ணிக்கையைக் குறைக்க இவருக்குத் தெரிந்த ஒரே வழி எண்ணாமல் இருப்பது.

சோதனைக்குப் போகாதவர்கள் சும்மா இருப்பதில்லை, கீழாநெல்லிக்குப் போகிறார்கள். இங்கேயும் நம்மிடம் அறிவியல் சான்று கைவசம் உண்டு. லிட்டில் இந்தியாவில் எந்தப் பொடிக் கடைக்காரரும் சொல்வார்: ‘வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான் சார்.’ வெள்ளைக்காரன் உண்மையிலேயே வந்தான். பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்தான் அவர். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் இப்போது உலக ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவரும் சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்து 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி-யின் அடையாளம் மறைந்தது என்றார்கள். ஃபிலடெல்பியாவில் பிளம்பெர்க் தரப்பில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்கள். வேலியோரத்துச் செடிக்கு! பொடிக் கடையின் வரலாறு இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தாய்லாந்திலும் மற்ற நாடுகளிலும் திரும்பத் திரும்பச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்ற அத்தியாயம் பொட்டலத்தின் பின்பக்கத்தில் அச்சாவதில்லை. தியாகராஜனின் ஆய்வு நேர்மையானது, அறிவியல் அப்படித்தான் நகரும். அதை முதல் பக்கத்தோடு கிழித்து எடுத்துக்கொண்டு, அதுவும் பி-க்குச் செய்த ஆய்வை சி-க்கும் சேர்த்து விற்கிறவனிடம்தான் எனக்குக் கோபம். ஏ வந்தவன் எதைக் குடித்தாலும் சில வாரத்தில் பெரும்பாலும் எழுந்துவிடுவான். கீழாநெல்லியின் புகழில் முக்கால்வாசி அவனால் வந்தது. சி வந்தவன் அதே பொடியைக் குடித்து, கண் மஞ்சள் இல்லை என்று தெம்பாக இருக்கும்போது, பத்துமலைக்குப் பக்கத்தில் செலாயாங் மருத்துவமனையின் கல்லீரல் பிரிவில் அவனுக்கான மாத்திரை இலவசமாகக் காத்திருக்கும்.

இதுவரை பேசியது குடியுரிமை உள்ளவர்களின் கல்லீரலைப் பற்றி. கடவுச்சீட்டின் நிறம் மாறினால் சட்டம் வேறு.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை. தோசைக் கல்லுக்குப் பின்னால் நிற்கும் பையனைச் சிவகங்கைக்காரன் என்று வைத்துக்கொள்வோம். வயது இருபத்தெட்டு. ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி, அக்கா நகையை அடகு வைத்து வந்தவன். வந்த ஒரு மாதத்துக்குள் மெடிக்கல். 1997-இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களை இப்படி வடிகட்டுவது ஃபோமேமா என்ற நிறுவனம். எச்.ஐ.வி., காசநோய், தொழுநோய் என்று நீளும் பட்டியலில் ஹெபடைடிஸ் பி-யும் உண்டு. ரத்தத்தில் அதன் அடையாளம் இருந்தால் ‘தகுதியற்றவர்’. பையன்கள் வாயில் ‘அன்ஃபிட்’. முடிவு குடிநுழைவுத் துறைக்குப் போகும், முதலாளிக்குப் போகும். பையனுக்குப் போவது விமானச் சீட்டு.

அவனுக்கு பி எப்படி வந்திருக்கும்? பெரும்பாலும் பிறந்த அன்று தாயிடமிருந்து, அல்லது பச்சைப் பிள்ளைப் பருவத்தில். பச்சைப் பிள்ளையில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். பிறந்தவுடன் தடுப்பூசியைத் தொடங்கினால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மலேசியா தன் குழந்தைகளுக்கெல்லாம் அந்த ஊசியை 1989-இல் தொடங்கிவிட்டது. கெட்டிக்கார நாடு, மனதார மெச்சுகிறேன். இந்தியா அதை நாடு முழுக்கக் கொண்டுபோக 2011 ஆயிற்று. ஆக, இந்தப் பையன் செய்த குற்றம் தவறான நாட்டில் தவறான வருஷத்தில் பிறந்தது. அதை இருபத்தெட்டு வருஷம் கழித்துக் கண்டுபிடித்துத் தண்டனை கொடுக்கிறார்கள்.

அவன் சுட்ட தோசையால் பி பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கை கொடுத்தாலும், இருமினாலும் பரவாது. சாப்பாட்டில் பரவுவது ஏ-யும் ஈ-யும். அவற்றுக்கு இந்த மெடிக்கலில் இடமே இல்லை. சாப்பாட்டில் வருவதைச் சோதிக்கமாட்டோம், சாப்பாட்டில் வராததைச் சோதித்து ஆளை நாடு கடத்துவோம் என்பது ஒரு பொதுச் சுகாதாரக் கொள்கை. இதை வகுத்தவருக்கு நினைவுச் சின்னமே போதாது, சிலை வைக்க வேண்டும்.

பி உள்ளவர்களில் பலருக்கு உடனே மருந்துகூட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டால் போதும். தேவைப்பட்டால் டெனோஃபோவிர் என்ற மாத்திரை, நாளுக்கு ஒன்று, மலிவு, வைரஸை அடக்கி வைக்கும். இந்தியாவில் 2018 ஜூலை 28-இலிருந்து ஓடும் தேசியத் திட்டத்தில் அது அரசு மருத்துவமனைகளில் இலவசம். இதை அவனிடம் இரண்டு நிமிஷம் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவன் ரத்தத்தை எடுத்துப் படித்து முத்திரை குத்திய இந்த முழு இயந்திரத்திலும் அந்த இரண்டு நிமிஷத்துக்கு இடம் இல்லை. ஏஜெண்ட் சொல்வதுதான் அவனுக்குக் கிடைக்கும் ஒரே மருத்துவ ஆலோசனை: “ஒடம்புல ஏதோ கோளாறாம்பா. ஊருக்குப் போய்ப் பாத்துக்க. இன்னொரு நாட்டுக்கு ட்ரை பண்ணலாம், அதுக்குத் தனியாக் காசு.”

ஒரு கம்பெனி நாடுகளை வருமானத்தால் பிரித்து, இவனுக்கு மருந்து உண்டு, இவனுக்கு இல்லை என்றது. அந்தப் பட்டியலைக் கிழித்ததற்காக உலகம் இந்த நாட்டைக் கைதட்டிப் பாராட்டியது. கிழித்த அதே கை, அதே பேனாவால், இன்னொரு பட்டியலை எழுதுகிறது. இதைச் சொன்னால் அது வேறு அமைச்சு என்பார்கள். உள்துறை வேறு, சுகாதாரம் வேறு, கல்லீரல் ஒன்றுதான்.

பையன் போன வாரமே கடைக்கு மாற்று ஆள் கேட்டாயிற்று. வரப்போகிறவனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது, அதே மாவட்டம், தடுப்பூசி இல்லாத அதே வருஷங்கள். முதலாளிக்கு எரிச்சல்: பெர்மிட் காசு தண்டம், லெவி தண்டம். “நோயாளிப் பசங்களா அனுப்புறானுங்க. கஸ்டமர் ஆரோக்கியம் முக்கியம் இல்லையா?” என்கிறார். முதலாளி 1968-இல் காப்பார் தோட்டத்தில் பிறந்தவர், இந்த நாட்டுத் தடுப்பூசிக்கும் இருபத்தோரு வருஷம் மூத்தவர். அவர் ரத்தத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.